அமெரிக்காவில் அசைலம் (அகதி அடைக்கலம்) வழக்குகளுக்கு உதவ, வக்கீல் அல்லாதவர் எங்கே பயிற்சி பெறலாம்?

எடிசன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது நியூ ஜெர்சியில் எடிசன். தொழில் கணக்கு எழுதுவது. சட்டம் படித்தவள் இல்லை. சனிக்கிழமைகளில் இங்கே ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக்காகப் போகிறேன். வருகிறவர்களில் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புப் பக்கத்தவர்கள் அதிகம். பல நாடுகள் சுற்றி மெக்சிகோ எல்லை வழியாக வந்து சேர்ந்தவர்கள். நிறுவனத்தில் இருப்பது ஒரே ஒரு வக்கீல். கையில் இருக்கும் வழக்குகளுக்கே அவருக்கு நேரம் போதவில்லை. புதிதாக வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு "கூப்பிடுகிறோம்" என்று சொல்லி அனுப்புவது என் வேலை. அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

அண்மையில் ஒரு தம்பி ஒரு கட்டுத் தாளோடு வந்தார். வெளியே யாரிடமோ பணம் கொடுத்து அசைலம் ஃபார்மை நிரப்பி வாங்கியிருக்கிறார். நிரப்பியவர் வக்கீல் இல்லை. கூட இருந்த வாக்குமூலத்தை நான் தமிழில் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லி, "அக்கா, இது எனக்கு நடந்ததே இல்லை" என்றார். ஊர்ப் பெயரும் பிறந்த தேதியும் மட்டும்தான் அவருடையவை. மீதி வேறு யாருடைய கதையோ. நல்ல வேளை, இன்னும் அனுப்பவில்லை.

வக்கீல் படிக்காதவர்களும் அரசு அங்கீகாரம் பெற்று இந்த வழக்குகளை எடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? சட்டக் கல்லூரிக்குப் போகும் வசதி எனக்கு இல்லை, ஆனால் மாலை நேரங்கள் இருக்கின்றன, உட்கார்ந்து படிக்கும் பொறுமையும் இருக்கிறது. எந்தப் பயிற்சி நல்லது, எங்கிருந்து தொடங்குவது, இலங்கை வழக்குகளுக்கென்று தனியாக என்ன படிக்க வேண்டும்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தெருவிளக்கு:

உண்மைதான் தங்கை. நானே அப்படி அங்கீகாரம் பெற்றவள். ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் தொடங்கி, இன்று குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகிறேன்.

முதலில் அந்தத் தம்பி. அவர் அமெரிக்காவுக்குள் வந்த தேதி என்ன என்று இன்றே கேளுங்கள். வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஐ-589 என்ற அசைலம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தவறினால் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நிரூபிப்பது தனிப் போராட்டம். ஓராண்டு நெருங்குகிறது என்றால் உங்கள் வக்கீல் அவருடைய பெயரை வரிசையில் மேலே தூக்கியாக வேண்டும்.

அந்தத் தாள்கட்டை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப விடாதீர்கள். பொய் என்று தெரிந்தே கொடுத்த விண்ணப்பம் என்று நீதிபதி தீர்மானித்துவிட்டால், அவருக்கு வாழ்நாள் முழுக்க எந்தக் குடிவரவுச் சலுகையும் கிடைக்காமல் போகலாம். திருமணமோ, பிள்ளைகள் வழியோ, எதுவும் உதவாது. நகல் கதைகளை அரசுத் தரப்பு கண்டுபிடிக்காது என்று நிரப்பிக் கொடுப்பவர்கள் சொல்வார்கள். கண்டுபிடிக்கிறார்கள். 2015-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஆர்-கே-கே என்ற வழக்கில், வெவ்வேறு வழக்குகளின் வாக்குமூலங்கள் அப்படியே ஒத்துப்போனால் நீதிபதி அதை எப்படிக் கையாள வேண்டும் என்று முறையே வகுத்துக் கொடுத்திருக்கிறது. கடைசியில் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்தான்.

இனி உங்கள் கேள்வி. இந்த ஏற்பாட்டை நடத்துவது மத்திய அரசின் நீதித்துறையின் (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) கீழ் உள்ள இ.ஓ.ஐ.ஆர். என்ற அலுவலகம். குடிவரவு நீதிமன்றங்களும் அதன் கீழ்தான் இயங்குகின்றன. எந்தக் கோர்ஸ் என்று யோசிக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அங்கீகாரம் தனி ஆளுக்குக் கிடைக்காது. முதலில் நிறுவனத்துக்கு, அப்புறம் அந்த நிறுவனத்தின் வழியாக உங்களுக்கு. நிறுவனம் கூட்டாட்சி வரிவிலக்குப் பெற்ற, லாப நோக்கில்லாத அமைப்பாக இருக்க வேண்டும். முதன்மையாக ஏழைகளுக்கு இந்தச் சட்ட சேவையைச் செய்ய வேண்டும். சட்ட அறிவுக்கு யாரை நம்பியிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். உங்கள் இடத்தில் ஏற்கெனவே ஒரு வக்கீல் இருப்பது பெரிய பலம். நிறுவனத்துக்கான படிவம் இ.ஓ.ஐ.ஆர்.-31, உங்களுக்கானது 31ஏ. புதிதாகப் பெறும் நிறுவனத்துக்கு முதலில் இரண்டாண்டு நிபந்தனை அங்கீகாரம், அதற்குப் பிறகு ஆறாண்டு; ஆளுக்கு மூன்றாண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஊழியராக இருக்க வேண்டியதில்லை, தன்னார்வலரும் விண்ணப்பிக்கலாம். 2017 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள விதிகள் இவை.

ஆகவே உங்கள் முதல் வேலை, நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று பார்ப்பது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள், ஆட்கள் இருவருடைய பட்டியலையும் இ.ஓ.ஐ.ஆர். இணையத்தில் வெளியிடுகிறது. இந்தப் பட்டியலைப் பார்க்கும் வழியைச் சனிக்கிழமை வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். பணம் கேட்கிற ஆள் இதிலும் இல்லை, மாநில வக்கீல் சங்கப் பதிவிலும் இல்லை என்றால் அவரிடம் தாளைக் கொடுக்கக் கூடாது.

அங்கீகாரத்தில் இரண்டு படி உண்டு. பகுதி அங்கீகாரம் இருந்தால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முன்பு மட்டும், அதாவது குடியுரிமை, கிரீன் கார்டு, அசைலம் அலுவலக இன்டர்வியூ போன்றவற்றில் ஆஜராகலாம். முழு அங்கீகாரம் இருந்தால் குடிவரவு நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு வாரியத்திலும் நிற்கலாம். எல்லோரும் பகுதியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பதும், எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விக்கு அங்கேயே ஆட்சேபம் சொல்வதும் வேறு பழக்கம்.

பயிற்சிக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் 1979-இலிருந்து இயங்கும் ஐ.எல்.ஆர்.சி. என்ற அமைப்பு அடிப்படைக் குடிவரவுச் சட்டத்துக்கு நாற்பது மணி நேர வகுப்பு நடத்துகிறது. வக்கீல் அல்லாதவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய கையேடுகளும் அவர்களிடம் உண்டு. கத்தோலிக்க ஆயர்கள் 1988-இல் தொடங்கிய கிளினிக் என்ற குடிவரவுச் சட்ட உதவி அமைப்பின் அறிமுக வகுப்பும் பகுதி அங்கீகாரம் கேட்பவர்களை மனதில் வைத்து அமைந்தது. அவர்கள் நீதிமன்றத் திறன்களுக்கும் தனியாகப் பயிற்சி தருகிறார்கள். பென்சில்வேனியாவில் வில்லனோவா பல்கலைக்கழகம் 2020-இல் விஸ்டா என்ற இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். மூன்று தொகுதிகளில் மூன்றாவது முழு அங்கீகாரம் கேட்பவர்களுக்கானது. உங்கள் மாலை நேரங்களுக்கு இது பொருந்தும், ஆனால் செலவு கொஞ்சம் கூட. நிறுவனம் கிளினிக்கின் கிளை உறுப்பினரா என்று முதலில் விசாரியுங்கள். உறுப்பினர் என்றால் வகுப்புகளில் சலுகை கிடைக்கும், வழக்கில் சிக்கல் வந்தால் கேட்க நிபுணர்களும் கிடைப்பார்கள்.

இலவசமாகக் கிடைப்பவையும் குறைவில்லை. நேஷனல் இமிகிரேஷன் புராஜெக்ட், அமெரிக்கன் இமிகிரேஷன் கவுன்சில் இரண்டும் ஒவ்வொரு சட்டச் சிக்கலுக்கும் விளக்கக் கட்டுரைகள் எழுதி இணையத்தில் வைக்கின்றன. இ.ஓ.ஐ.ஆர். வெளியிடும் நீதிமன்ற நடைமுறைக் கையேடு ஒன்று போதும், எந்தத் தாளை எப்படி, எத்தனை நாளுக்குள் தாக்கல் செய்வது என்று தெரிந்துவிடும். நான் ஓய்ந்திருக்கும்போதெல்லாம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வகுப்புகள் சட்டத்தைச் சொல்லித் தரும். வழக்கை எப்படிக் கட்டுவது என்பது உங்கள் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியது. ஒரு உதாரணம் சொல்கிறேன். எல்லையில் பிடிபட்டவர்களிடம் அதிகாரிகள் அங்கேயே சில கேள்விகள் கேட்டுப் பதிவு செய்திருப்பார்கள். தூக்கமில்லாமல், பயந்துபோய், ஃபோனில் யாரோ மொழிபெயர்க்கச் சொன்ன பதில்கள். பல மாதம் கழித்து வாக்குமூலத்தில் ஒரு தேதி மாறினால், அரசு வக்கீல் அந்தப் பழைய தாளை எடுத்து நீட்டுவார். 2005-இல் வந்த ரியல் ஐடி சட்டத்துக்குப் பிறகு, வழக்கின் மையத்தைத் தொடாத சின்ன முரண்பாட்டை வைத்துக்கூட ஒருவர் பேச்சை நம்ப முடியாது என்று நீதிபதி சொல்லலாம். அதனால் வாக்குமூலம் எழுதுமுன் தகவல் அறியும் சட்டப்படி விண்ணப்பித்து எல்லைப் பதிவுகளை வாங்குங்கள். அது வந்து சேர நேரம் பிடிக்கும். முதல் சந்திப்பிலேயே போட்டுவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அங்கீகாரம் கிடைக்கும் வரை, "இந்தப் பெட்டியில் இதை எழுதுங்கள், இது உங்களுக்குச் சாதகம்" என்று நீங்களாகச் சொல்லக் கூடாது. அப்படி யோசனை சொல்வதே சட்டத் தொழில். நல்லெண்ணத்தில் செய்தாலும் விதி ஒன்றுதான். வக்கீலின் மேற்பார்வையில், அவர் பார்த்துச் சரிபார்க்கும்படி வேலை செய்யுங்கள். அந்த அனுபவமே பிறகு 31ஏ-வில் எழுதக் கிடைக்கும்.

குவீன்ஸ்_வக்கீல்:

மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடு. இலங்கை வழக்குகள் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பொது வகுப்புகளில் இவற்றுக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

முதலாவது, 'ஏன்' என்ற கேள்வி. அடித்தார்கள், கடத்தினார்கள் என்பதோடு அசைலம் வந்துவிடாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாக நடந்தது என்று காட்ட வேண்டும். துரைசிங்கம் வழக்கை உட்கார்ந்து படியுங்கள். 2020 ஜூன் 25-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொன்னது. எல்லையிலிருந்து 25 கெஜ தூரத்தில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் அவர். முதல் நேர்காணலில், சிலர் தன்னைக் கடத்தி அடித்ததாகச் சொன்னார். அதிகாரி அதை நம்பினார். யார், எதற்காக என்று கேட்டபோது தெரியாது என்றார். அங்கேயே நிராகரிப்பு. பிறகு வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில்தான், தமிழ் வேட்பாளர் ஒருவருக்காக அவர் வேலை செய்ததும், கடத்தியவர்கள் அதைப் பற்றி விசாரித்ததும், அவரைக் கிணற்றுக்குள் இறக்கியதும் வெளியே வந்தன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த நிராகரிப்பை ஆட்கொணர்வு மனு மூலம் கூட்டாட்சி நீதிமன்றம் மறு ஆய்வு செய்ய முடியாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வைத்த தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த நேர்காணல் அறையில், கேள்வி எதற்காக வருகிறது என்று தெரிந்த ஒருவர் முன்கூட்டியே அவரோடு பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யார் செய்தார்கள் என்று பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் என்ன பேசினார்கள், என்ன கேட்டார்கள், என்ன உடையில் வந்தார்கள், முதல் வாரம் வீட்டில் வந்து விசாரித்தது யார், இதெல்லாம் அவருக்குத் தெரியும். தானாகச் சொல்லத் தோன்றாது. நீங்கள் கேட்க வேண்டும்.

இரண்டாவது, 'மெட்டீரியல் சப்போர்ட்' தடை. விடுதலைப் புலிகள் 1997 அக்டோபர் 8 முதல் அமெரிக்க அரசின் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியலில் உள்ள அமைப்புக்குப் பணமோ, உணவோ, உழைப்போ கொடுத்தவருக்கு அசைலம் கிடையாது. எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கணக்கில் வரும். 2018-இல் ஏ-சி-எம் வழக்கில், கெரில்லாக்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைத்த எல் சால்வடோர் பெண்ணுக்கே அந்தத் தடை பொருந்தும் என்றது மேல்முறையீட்டு வாரியம். வன்னியில் வாழ்ந்த குடும்பங்களில் வரி கொடுக்காத, பங்கர் வெட்டப் போகாத வீடு எத்தனை இருக்கும்? கட்டாயத்தின் பேரில் செய்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதைக் கொடுப்பது நீதிபதி இல்லை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அது அவர்கள் விருப்ப அதிகாரம். இதில் ஒரு வாக்கியம் அவசரமாக எழுதினாலும் வழக்கு சாயும். இந்தப் பேச்சு எழும் எந்த வழக்கையும் தனியாகத் தொடாதீர்கள், உங்கள் வக்கீலிடம் கொண்டுபோங்கள். அவருக்கும் பழக்கமில்லை என்றால், பழகிய ஒருவரைத் தேடச் சொல்லுங்கள்.

நாட்டு நிலவரச் சான்றுகளுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் மனித உரிமை அறிக்கையோடு நிற்க வேண்டாம். கனடாவின் குடிவரவு, அகதிகள் வாரியம் நாடுவாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் ஆவணக் கட்டு இலவசம். பிரிட்டன் உள்துறையின் இலங்கைக் குறிப்புகளும் விரிவானவை. இலங்கை பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2015-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிய பகுதிகள், இவற்றைப் பக்க எண்ணோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதிக்கு முந்நூறு பக்கம் கொடுத்தால் படிக்க நேரமிருக்காது. தேவையான பத்தியைக் கோடிட்டு, எதை நிரூபிக்கிறது என்று முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் படிப்பார்.

வடமராட்சியான்:

நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன். அசைலம் கேட்டு, கிடைத்து, இப்போது மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறேன். சகோதரி கேட்டது பயிற்சி பற்றி. எங்களோடு கதைப்பது எப்படி என்பதும் பயிற்சிதான், அதனால் எழுதுகிறேன்.

தேதி கேட்டால் எங்கள் ஆட்களுக்கு உடனே வராது. "எந்த ஆண்டு, எந்த மாதம்" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்கிறவர் மனம் குளிர ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிவிடுவார்கள். அது தாளில் ஏறி, பிறகு பொய்யாகிவிடும். இடப்பெயர்வை வைத்துக் கேளுங்கள். 1995-இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டதற்கு முந்தியா பிந்தியா? சுனாமி வந்தபோது எங்கே இருந்தீர்கள்? 2006-இல் ஏ9 பாதை மூடியபோது எந்தப் பக்கம் அகப்பட்டீர்கள்? மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே விட்டது எப்போது? இளம் ஆட்கள் என்றால் ஓ/எல் பரீட்சை எழுதிய ஆண்டு, நல்லூர்த் திருவிழாக் காலமா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்ட ஒருவர் கிடைத்தார். என் வாக்குமூலத்தில் தேதிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் வந்ததற்கு அவர்தான் காரணம்.

தடுப்பில் நடந்ததை ஒரே இருப்பில் கேட்க வேண்டாம். பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண்களுக்கும் சொல்ல முடியாத விஷயங்கள் நடந்திருக்கின்றன. கூட வந்த மாமாவையோ மச்சானையோ வெளியே இருக்கச் சொல்லுங்கள். கோயிலில் அடுத்த வாரம் சந்திக்கிற ஆள்தான் எதிரே இருக்கிறார் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்களும் இங்கே ஊருக்குள் அறிமுகமானவர் என்றால், இந்த அறையில் கேட்டது வெளியே போகாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள், அப்படியே நடந்தும் காட்டுங்கள்.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 13-இலிருந்து அசைலம் அலுவலக இன்டர்வியூவுக்கு மொழிபெயர்ப்பாளரை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீதிமன்றத்தில் மட்டும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். அந்த இன்டர்வியூவில் ஒருவருடைய வக்கீலோ அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியோ அவருக்கு மொழிபெயர்க்கக் கூடாது. சகோதரி அங்கீகாரம் எடுத்து ஒருவருக்காக ஆஜரானால், அவருக்கு மொழிபெயர்க்க வேறு ஆள் வேண்டும். இப்போதிருந்தே இரண்டு மூன்று பேரைப் பழக்கி வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். தங்கள் அசைலம் இன்டர்வியூ இன்னும் முடியாதவர்களும் கூடாது.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் தேதி கேட்டேன், ஓராண்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. வக்கீல் அவரை நேரில் வரச் சொல்லிவிட்டார், எல்லைப் பதிவுகளுக்கும் விண்ணப்பம் போகிறது. நிறுவனம் இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. ஆனால் இயக்குநர் 31-ஐ என்னோடு உட்கார்ந்து நிரப்ப ஒப்புக்கொண்டார்.

தெருவிளக்கு அக்கா, எனக்கு உள்ளூரப் பயமாக இருப்பது வேறு. சட்டம் ஆளுக்கு ஆள், ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறதே. இன்று படித்தது நாளைக்குச் செல்லாது என்றால் நான் ஒருவரைத் தவறான வழியில் கொண்டுபோய்விட மாட்டேனா? அப்புறம், நான் என்றைக்காவது நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு வருவேனா?

தெருவிளக்கு:

மாறத்தான் செய்கிறது. குடிவரவு நீதிபதிகள் நீதித்துறையின் ஊழியர்கள். அட்டர்னி ஜெனரல் ஒரு வழக்கைத் தானே எடுத்து முன்னுதாரணத்தை மாற்றி எழுத முடியும். குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்தவர்களின் வழக்குகளை 2018-இல் ஏ-பி என்ற முடிவு ஏறக்குறைய மூடியது. 2021-இல் பின்னால் வந்த அட்டர்னி ஜெனரல் அதை ரத்து செய்தார், 2025-இல் இன்னொருவர் அதை மறுபடி கொண்டுவந்தார். 2025 ஜூலையில் வந்த சட்டம், அதுவரை கட்டணமே இல்லாதிருந்த அசைலம் விண்ணப்பத்துக்கு 100 டாலர் கட்டணம் வைத்தது, வழக்கு நிலுவையில் உள்ள ஒவ்வோராண்டுக்கும் இன்னொரு 100, முதல் வேலை அனுமதிக்கு 550. கையில் காசில்லாதவரிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் நீங்கள். அதோடு, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. உங்களுக்கு நியூ ஜெர்சி, ஆகவே மூன்றாவது சர்க்யூட். ஆறு தாண்டி நியூயார்க் போனால் இரண்டாவது. மேலே பதில் எழுதிய வக்கீல் சார் அங்கே மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு உங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாமல் போகலாம்.

இதற்கு என் வழி எளிது. எந்தத் தாளையும் தாக்கல் செய்கிற வாரத்தில் படிவத்தின் பதிப்புத் தேதி, கட்டணம், நான் நம்பியிருக்கும் முன்னுதாரணம் மூன்றையும் புதிதாகப் பார்ப்பேன். ஐ.எல்.ஆர்.சி., கிளினிக் இரண்டின் மின்னஞ்சல் அறிவிப்புகளிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். காலையில் வேறு எதையும் திறக்குமுன் அதைத் திறப்பேன். சந்தேகம் இருந்தால் தாக்கல் செய்வதற்கு முன் கேட்கிறேன். நீங்கள் பயப்படுவது நல்லதுதான் தங்கை. பயமே இல்லாமல் ஃபார்ம் நிரப்புகிறவர்களிடமிருந்துதான் அந்தத் தம்பி தப்பி வந்திருக்கிறார்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று சில நாள் தோன்றும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். குற்ற வழக்கில் பணமில்லாதவருக்கு வக்கீலை அரசே கொடுக்கும். நாடு கடத்தும் வழக்கில் கொடுக்காது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவில் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஈக்லி, ஷேஃபர் இருவரும் 2007-லிருந்து 2012 வரையிலான வழக்குகளைப் பார்த்து 2015-இல் எழுதிய ஆய்வில், குடியேறிகளில் 37 சதவீதத்தினருக்கே வக்கீல் இருந்தது. தடுப்பு முகாமில் இருந்தவர்களில் 14 சதவீதத்தினருக்கு மட்டும். உங்கள் பக்கத்திலேயே எலிசபெத்தில் தடுப்பு முகாம் இருக்கிறது. அங்கே தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் தனியாக நீதிபதி முன்னால் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். மொழி தெரிந்து, சட்டமும் தெரிந்து, பணம் கேட்காத ஒருவர் அவருக்குக் கிடைப்பது அபூர்வம். நீங்கள் அப்படி ஒருவராக வர முடியும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

நீதிமன்றம் பற்றிக் கேட்டீர்கள். நெவார்க் குடிவரவு நீதிமன்றத்துக்கு ஒரு விடுமுறை நாள் எடுத்துப் போங்கள். முதல்கட்ட ஹியரிங்குகள் பொதுவாகத் திறந்தவை, பார்வையாளராக உட்காரலாம். அசைலத்தின் இறுதி விசாரணையை வழக்காளி கேட்டால் மூடிவிடுவார்கள், அதற்கு உங்கள் வக்கீலோடு, வழக்காளியின் சம்மதத்தோடு போக வேண்டும். நீதிபதி எதைக் கேட்கிறார், எதில் பொறுமை இழக்கிறார், அரசு வக்கீல் எந்தத் தாளைக் கையில் வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். பகுதி அங்கீகாரம் வாங்கி சில ஆண்டு அசைலம் அலுவலக வழக்குகளையும் குடியுரிமை விண்ணப்பங்களையும் பார்த்த பிறகு முழு அங்கீகாரத்துக்குப் போனால் போதும். எழுத்திலும் வாதத்திலும் ஆராய்ச்சியிலும் தேர்ச்சி இருக்கிறதா என்று அப்போது பார்ப்பார்கள். அவசரம் இல்லை.

இப்போதைக்கு, நிறுவனத்தின் 31 போகும்போதே உங்கள் 31ஏ-வும் கூடப் போகலாம். அதற்குப் பயிற்சிச் சான்றிதழ்கள், தன்விவரம், உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்களின் சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். வக்கீலிடம் இப்போதே சொல்லி வையுங்கள். எந்த வழக்கில் எந்த வேலையை அவர் மேற்பார்வையில் செய்தீர்கள் என்று தேதியோடு ஒரு ஏட்டில் எழுதி வாருங்கள், வழக்காளியின் பெயர் போடாமல். கணக்கு எழுதுகிற கைக்கு அது சிரமமாக இருக்காது. வரைவு தயாரானதும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் படித்துப் பார்க்கிறேன்.